மழைக்கு ஆகாத குடை

போன வாரம் இலஞ்சியில் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் இருக்கும் டிஷ்ஷைக் கழற்ற வேண்டும். பேரன் சென்னையிலிருந்து வந்து ஃபைபர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், டிவியும் அதிலேயே வருகிறது. டிஷ் ரெண்டு வருஷமாகச் சும்மா நிற்கிறது. நான் ஏணியைச் சாத்தும்போது ஆச்சி கீழே நின்றபடி சொன்னார்: "யய்யா, அந்தக் குடையக் கழட்டிப் போட்டிரு. மழைக்கு ஆகாத குடை வீட்டுக்கு எதுக்கு?"

எங்கள் பக்கம் டிஷ்ஷுக்குக் குடை என்று பேர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. ‘குடை வச்ச வீடு’ என்று அடையாளம் சொன்ன காலமும் உண்டு. ஆச்சி சொன்ன குறையும் புதிதல்ல. வானம் இருட்டினால் விரிக்கிறதுதான் குடை, இதுவோ வானம் இருட்டினால் படுத்துக்கொள்ளும். இந்தக் கேலியைக் குறைந்தது ஐந்நூறு வீட்டில் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தும் இருக்கிறேன். பணம் தரப்போகிறவர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காமல் முடியுமா?

ஆனால் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பேர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் இந்தச் சாமானைப் பற்றி நான் பேசியதெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாமலே பாதித் தொழிலை ஓட்டியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது 2007 ஜூனில். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கணக்கில் நல்ல மார்க், இங்கிலீஷில் கரையேறிய மார்க். மேலே படிக்க வீட்டில் வழியில்லை. தென்காசியில் ஓர் அண்ணாச்சி கடையில் சேர்த்துவிட்டார்கள். அண்ணாச்சி தொண்ணூறுகளில் கேபிள் நடத்தியவர். அது கைவிட்டுப் போனபிறகு, வீட்டு மாடிகளில் சின்ன டிஷ் மாட்டும் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். முதல்நாள் கையில் 13-ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்றைக் கொடுத்தார். அப்புறம் வார்த்தைகளைக் கொடுத்தார்.

எல்லம்பி. ஃபீடு. அசிமத்து. எலிவேசன். ஆப்செட்டு. ஸ்கியூ. ஆர்ஜி சிக்ஸ். எதற்கும் அர்த்தம் கேட்கக் கூடாது. "அது பேருல. உன் பேருக்கு என்ன அர்த்தம்னு தெனமும் கேட்டுக்கிட்டா இருக்கே?" என்பார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

எல்லம்பி என்பது எல்.என்.பி. டிஷ்ஷுக்கு முன்னால் கை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதன் நுனியில் இருக்கும் மூக்கு. மூன்று எழுத்தும் வாயில் ஒட்டி எல்லம்பி ஆகிவிட்டது. பிலிப்ஸ் மாதிரி, கண்டுபிடித்த வெள்ளைக்காரன் பேர்போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அட்டைப்பெட்டியில் நீளமாக அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். லோ நாய்ஸ் பிளாக். கூட வேலை பார்த்த பையன், "லோ நாய்னா, அப்ப உசந்த நாய் எங்கல இருக்கு?" என்றான். ரெண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். நாய்ஸ் என்றால் இரைச்சல் என்று அப்போதே தெரிந்திருந்தால் பாதி வேலை புரிந்திருக்கும். 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற சிக்னல் இங்கே வந்து சேரும்போது முனகலாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கப் போகிறவன் தானே இரைச்சல் போடக் கூடாது. தூரத்தில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறோமே, அதுதான் லோ நாய்ஸ். பிளாக் என்பதற்கும் பெரிய அர்த்தமில்லை, மொத்தமாக. மேலேயிருந்து 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிற சேனல்கூட்டம் அத்தனையையும் மொத்தமாக அள்ளி, வயரில் போகக்கூடிய 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கொடுக்கிறது.

ஸ்கியூ கதையைச் சொல்லாமல் போக முடியாது.

2007 செப்டம்பர் 24. இருபது ஓவர் உலகக் கோப்பையின் முதல் ஃபைனல், இந்தியாவும் பாகிஸ்தானும், ஜோகன்னஸ்பர்க்கில். மேலகரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் அன்றைக்கென்று புது கனெக்‌ஷன். அண்ணாச்சி வேறு வீட்டில் மாட்டிக்கொண்டதால் நான் தனியாக. நாலரை மணிக்கெல்லாம் படம் வந்துவிட்டது. பாதிச் சேனல்தான். மீதிப் பாதி கட்டம் கட்டமாக நிற்கிறது. மேட்ச் போடுகிற சேனல் எந்தப் பாதியில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாடியில் நின்று போன் போட்டேன். நல்ல காற்று.

"லேய், ஸ்கியூவத் திருப்பு."

"எந்த ஸ்குரூ அண்ணாச்சி?"

"எத்தனலே இருக்கு? ஒண்ணுதான இருக்கு!"

"இங்க எட்டு இருக்கு அண்ணாச்சி."

"எட்டா? லேய், எல்லம்பி கழுத்துல..."

அதற்கு மேல் காற்று. கழுத்து என்று கேட்டது. டிஷ்ஷின் கழுத்து என்றால் குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்ப் என்று எடுத்துக்கொண்டு, அங்கே இருந்த ரெண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். டிஷ் மெதுவாக, கழுத்தை ஒடித்துக்கொண்டு, குற்றால மலையைப் பார்க்கத் திரும்பியது. கீழேயிருந்து "போச்சு!" என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்தினார்கள். இருந்த பாதியும் போய்விட்டது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது. சாட் ஃபைண்டர் என்று ஒரு சின்ன மீட்டர் உண்டு, சாட்டிலைட் பக்கம் திரும்பினால் ‘கீ...’ என்று கத்தும். பதற்றத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது முனகுவதுபோலத்தான் கேட்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. ஒரு வழியாக அண்ணாச்சி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கி, மாடியேறி, டிஷ்ஷைச் சரிக்கட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் காதைத் திருகுவதுபோல எல்லம்பியை அதன் இடத்திலேயே வைத்துத் திருகினார். படம் வருவதற்கும் பக்கத்துத் தெருவில் வெடி வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஸ்ரீசாந்த் பிடித்த கேட்ச்சை அந்த வீட்டில் யாரும் நேரடியாகப் பார்க்கவில்லை. இந்தியா 5 ரன்னில் ஜெயித்ததால் நானும் பிழைத்தேன்.

வாத்தியார் திட்டவில்லை. கீழே இறங்கியதும் காப்பி கொடுத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "எஸ், கே, ஈ, டபிள்யூ. ஸ்கியூ. கோணல்னு அர்த்தம் தம்பி" என்றார்.

"கோணல்னு சொல்லியிருந்தா அப்பவே திருப்பியிருப்பேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆமா, என்னத்தச் சொல்ல" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவர்.

கோணல் ஏன் வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது இன்னும் சில வருஷம் கழித்து. சாட்டிலைட் சில சேனல்களை நின்றவாக்கிலும் சிலவற்றைப் படுத்தவாக்கிலும் அனுப்புகிறது. ஆனால் பூமி உருண்டை. அதற்கு நேராக நிற்பது நமக்குச் சாய்வாகத் தெரியும். நாம் எல்லம்பியையும் அதே அளவு சாய்த்து வைக்காவிட்டால் ஒன்றோடொன்று கலந்து, பலவீனமானது அடிபட்டுப்போகும். சாய்வு எவ்வளவு என்பது ஊரைப் பொறுத்தது. இப்போது டிடி ஃப்ரீ டிஷ் வருகிற சாட்டிலைட் நிற்கும் 93.5 டிகிரிக் கிழக்குத் தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டால், டெல்லிக்குச் சுமார் 27 டிகிரி சாய்த்தால் போதும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தென்காசிக்குச் சுமார் 60 டிகிரி. எங்களுக்கு வந்த விளக்கப் படத்தில் எல்லம்பி லேசாகத்தான் சாய்ந்திருக்கும். வடக்கே யாரோ தங்கள் மாடிக்கு வரைந்த படம்.

இனி எலிவேசன். 2009 என்று நினைவு. பக்கத்து வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கோடு வந்தான். கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 60 டிகிரி, கோபுரத்தின் உயரம் என்ன என்கிற வகை. எனக்குப் பிடித்த பாடம். தரை, கோபுரம், பார்க்கிறவன் கண் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தவன், பென்சிலை வைத்துவிட்டேன். பார்க்கிறவன் இடத்தில் என் டிஷ்ஷை வை. உச்சியில் சாட்டிலைட்டை வை. ரெண்டு வருஷமாக ஸ்பானரால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த எலிவேசன் இந்த ஏற்றக்கோணம்தான். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். மாடியில் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லாததால் ரெண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். பகுமுறை வடிவியல். ராக்கெட் பட்டாசு பரவளையப் பாதையில் போய் விழும் கணக்கெல்லாம் போட்டிருக்கிறேன். பரவளையம் என்றால் டிஷ்ஷின் வளைவு. குவியம் என்றால் எல்லம்பி உட்காரும் இடம். இணையாக வருகிற கதிர்களெல்லாம் பட்டுத் திரும்பிக் குவியத்தில் சேரும் என்று மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தவனுக்கு, தான் மாட்டுவது அதைத்தான் என்று தெரியவில்லை. கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

தெரிந்தபிறகு சில பாவங்களும் தெரிந்தன. வீட்டு டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நின்று பார்த்தால், 45 டிகிரி வாக்கில் பார்ப்பதுபோல இருக்கும். அந்த நேரில் மரம் இருந்தால் வெட்டச் சொல்வோம். ஆனால் தென்காசியிலிருந்து 93.5-க்கு ஏற்றக்கோணம் 68 டிகிரி, கிட்டத்தட்ட உச்சிக்குப் பக்கம். டிஷ் தாழப் பார்ப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் ஆப்செட்டு. முழுப் பரவளையக் கிண்ணத்திலிருந்து ஓரமாக வெட்டியெடுத்த துண்டுதான் வீட்டு டிஷ். எல்லம்பி நடுவில் நின்று வருகிற வழியை மறைக்காமல் ஒதுங்கி நிற்பதற்காக அந்த ஏற்பாடு. ஆகவே தட்டு பார்ப்பது ஓரிடம், வாங்குவது அதற்கு இருபத்துச் சொச்சம் டிகிரி மேலே. இது தெரியாமல் நாங்கள் ஒரு வீட்டில் காய்த்துத் தொங்கிய முருங்கையை வெட்ட வைத்திருக்கிறோம். அந்த அக்கா முருங்கைக்காயைப் பங்குபோட்டு எங்களுக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

அசிமத்துக்கு அர்த்தம் சொன்னவர் கடையநல்லூரில் அரபு ஓதிய பெரியவர் ஒருவர். மாடியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனில் "அசிமத்து 118 அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து வலமாக 118, கிழக்கைத் தாண்டித் தெற்கே 28. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "தம்பி, அது அரபுச் சொல்லாச்சே" என்றார். சம்த் என்றால் திசை, வழி. அதன் பன்மை சுமூத். அரபு வானியல்காரர்களிடமிருந்து ஐரோப்பா வாங்கிக்கொண்டது. உச்சி என்பதற்கு இங்கிலீஷில் சொல்லும் ஜெனித்தும் அதே சம்த்தில் பிறந்ததுதான். பாடப்புத்தகத்தில் இதற்குத் திசைவில் என்று போடுகிறார்கள். நல்ல சொல், ஆனால் மாடியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ஒவ்வொரு வார்த்தையாகக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாமே வீட்டுச் சாமான்! டிஷ் என்றால் தட்டு. ஃபீடு என்றால் தீனி. தென்காசிச் சந்தைப் பக்கம் மாட்டுத் தீவனக் கடையில் கேட்டில் ஃபீட் என்று எழுதியிருப்பதும் அதே ஃபீடுதான். ஹார்ன் என்பது பஸ் ஹார்ன் இல்லை, கொம்பு. ஃபீடுஹார்ன் என்று நாங்கள் பயபக்தியோடு சொன்னதைத் தமிழில் சொன்னால், மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாய்போல ஒன்று. சாட்டிலைட்டின் சிக்னல் விழுகிற நிலப்பரப்புக்கு ஃபுட்பிரிண்ட், காலடித் தடம். சாட்டிலைட்டையே அந்தத் தொழில்காரர்கள் பறவை என்று கூப்பிடுகிறார்கள். ஆன்டெனா என்பது லத்தீனில் பாய்மரத்தின் குறுக்குக் கம்பு, நம் கடலோரக்காரர்கள் பருமல் என்பது. அதிலிருந்து பூச்சியின் கொம்புக்குப் போய், அங்கிருந்து நம் மாடிக்கு வந்திருக்கிறது. சாட்டிலைட்டும் லத்தீன்தான். எஜமானுக்குப் பின்னால் போகிற ஆள், காவலாள். வியாழனைச் சுற்றும் நிலாக்களுக்கு அந்தப் பேரைக் கெப்ளர் 1611-ல் வைத்தார்.

இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் அடுப்படியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதை அப்படியே வாங்கி, அர்த்தத்தை அங்கேயே விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குத் தமிழாக்கம் செய்தவர்கள் ஒரு கூட்டம், அவர்கள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அலைவாங்கி சரிதான், அழகும்கூட. ஆனால் "அலைவாங்கி ஆடுது, போல்ட்டை முறுக்கு" என்று யாரும் கத்த மாட்டார்கள். ஆச்சிதான் அந்த வெள்ளைக்காரர்கள் செய்ததைச் செய்திருக்கிறார். வளைவாக இருக்கிறது, காம்பு இருக்கிறது, வானத்தைப் பார்க்கிறது. குடை. முடிந்தது.

ஆனால் செயற்கைக்கோளை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோள் என்றால் கிரகம், பிறர்மேல் மூட்டுகிற கோளும் கோள்தான். அந்தச் சாமான் செய்கிற வேலையைப் பாருங்கள். ஓரிடத்தில் காதில் விழுந்ததை வாங்கி, குரலை மாற்றி, ஊர் முழுக்கச் சொல்கிறது. 14 ஜிகாஹெர்ட்ஸில் கேட்டதை 12-க்குப் பக்கத்தில் சொல்வதற்குத்தான் டிரான்ஸ்பாண்டர் என்று பேர். இதைவிடப் பெரிய கோள்சொல்லி எங்கே இருக்கிறது? பேர் வைத்தவர் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார். எனக்கு அதனால் ஒன்றுமில்லை.

அண்ணாச்சிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பிடிக்காது. அவருக்கு வார்த்தையைவிட ஆள் முக்கியம், சாட்டிலைட்டையும் ஆள் மாதிரிதான் பேசுவார். பிறந்தது திருச்செந்தூர் பக்கம். சின்ன வயதில் உயரக் கம்பத்தில் மீன்முள் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினி பார்த்தவர். படம் கெட்டால் அப்போதெல்லாம் ‘புள்ளி விழுது’ என்பார்களாம். இப்போது டிஜிட்டலில் ‘கட்டம் கட்டுது’. 1992-ல் கடன் வாங்கிப் பன்னிரண்டு அடி டிஷ் போட்டு ஆசியாசாட்-1 பிடித்தார். ஸ்டார் டிவி சேனல்கள் அதில்தான் வந்தன. அந்தச் சாட்டிலைட்டின் பூர்வீகத்தை அவரிடம் கேட்டால் கடையைச் சாத்திவிட்டுச் சொல்வார். 1984 பிப்ரவரியில் வெஸ்டார்-6 என்ற பேரில் விட்டது, வழியிலேயே மோட்டார் கோளாறாகி உதவாத பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதே வருஷம் நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போன ஆட்கள் வெளியே இறங்கிப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்த்து வேறு பேர் வைத்து, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். "செகண்ட் ஹேண்டுல. ஆனா என்னா படம்!" என்பார்.

அந்தப் பெரிய டிஷ்ஷில் எல்லம்பி நட்ட நடுவில்தான் இருக்கும். வருஷத்தில் ரெண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும், சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிஷம் படம் போய்விடும். இங்கிலீஷில் சன் அவுட்டேஜ். அண்ணாச்சி அதற்காகக் காத்திருப்பாராம். அந்த நேரத்தில் எல்லம்பியின் நிழல் டிஷ்ஷின் நட்ட நடுவில் விழுந்தால் டிஷ் நேராக இருக்கிறது, விலகி விழுந்தால் அவ்வளவு திருப்ப வேண்டும். மீட்டர் வாங்கக் காசில்லாத காலத்து மீட்டர். அதற்கு அவர் வைத்த பேர் ‘சூரியன் மறிக்கிற நேரம்’. அவர் வாயில் நான் கேட்ட ஒரே தமிழ்த் தொழில்சொல்.

வேலை என்னவென்று எனக்கு நிஜமாக உறைத்தது 2010-ல்தான். ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு. பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்துவிட்டார்கள். நாங்கள் மாட்டிக் கொடுத்த சேனல்கள் 93.5-லிருந்து 91.5-இல் இருந்த வேறொரு சாட்டிலைட்டுக்கு மாறின. ரெண்டே டிகிரி. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் ரெண்டு டிகிரி என்றால் விளிம்பு நகர்வது ஒரு சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகம் அகலம். அந்த நக அகலம் மேலே போய்ச் சேரும்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வீடு வீடாக ஏறி நகம் நகமாக நகர்த்தினோம். நாளுக்கு இருபது மாடி. சுரண்டையில் ஒரு பாட்டி, "எதுக்குய்யா நல்லா இருந்தத திருப்புத?" என்று கேட்டார். "சாட்டிலைட்டு வீடு மாத்திருச்சு பாட்டி" என்றேன். "வாடகை கூடிருச்சோ?" என்றார். இதைவிட நன்றாக எந்தக் கஸ்டமர் கேர் பெண்ணும் கேட்டதில்லை.

செட்டாப் பெட்டியில் ரெண்டு பட்டை காட்டும், சிக்னல் ஸ்ட்ரெங்த், சிக்னல் குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் என்பது ஏதோ ஒன்று வருகிறது என்பது மட்டும்தான். வேறு சாட்டிலைட்டைப் பார்த்தாலும் அது ஏறும். குவாலிட்டிதான் நாம் தேடுகிற ஆள். எங்கள் கடையில் இது பழமொழியே ஆகிவிட்டது. கூட வேலை பார்த்தவனுடைய தங்கைக்கு வந்த வரனை விசாரித்துவிட்டு வந்த அண்ணாச்சி, "ஸ்ட்ரெங்த்து தொண்ணூறு. குவாலிட்டி பூஜ்யம்" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

மழைக்கு வருகிறேன். ஆச்சியின் புகார் நியாயமானதுதான், ஆனால் முழுக்க நியாயமில்லை. அண்ணாச்சியின் பழைய சி பேண்ட் டிஷ்ஷுக்கு வந்த அலையின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். வீட்டு டிஷ்ஷின் கேயு பேண்டில் இரண்டரை சென்டிமீட்டர். சின்ன அலையை மழைத்துளி சுலபமாக விழுங்கிவிடும், திசைக்கு ஒன்றாகச் சிதறவும் விடும். ரெயின் ஃபேடு என்பார்கள். ஆனால் குற்றாலச் சாரலுக்குப் படம் போகக் கூடாது. ஆனி, ஆடியில் நாள் முழுக்கச் சாரல் அடித்தாலும் அது பொடித்துளி, அலைக்கு உறைக்காது. ஐப்பசியில் இடியோடு கொட்டுகிறதே, அதுதான் மறிக்கும். அதுவும் பத்து நிமிஷம், கால் மணி நேரம். சாரலுக்கே படம் போகிறது என்றால் டிஷ் நக அகலம் விலகியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது குரங்கு ஊஞ்சலாடியிருக்கிறது. எங்கள் ஊரில் மூன்றாவதுதான் அதிகம். "மழைன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இறங்குகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவசரமாக வேறு வீடு இருந்தபோது.

இலஞ்சி மாடியில் எல்லாப் போல்ட்டும் துருப்பிடித்துத் தின்றுபோயிருந்தன. ரெண்டை ரம்பம் போட்டுத்தான் அறுத்தேன். எல்லம்பியின் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே குளவி மண்கூடு கட்டிவிட்டிருந்தது. காலி செய்து போன கூடு. தரையில் நாலு ஓட்டை, ஆங்கர் போல்ட் இறங்கிய இடம். சிமெண்டு குழைத்து அடைத்தேன். இல்லையென்றால் இந்த ஐப்பசிக்கு ஆச்சியின் கட்டில்மேல் ஒழுகும்.

டிஷ்ஷை வண்டியில் வைக்கப் போனபோது ஆச்சி, "அத எங்க கொண்டு போறே?" என்றார். பழைய இரும்புக்கு என்றேன். "வச்சிட்டுப் போ" என்றார். வாங்கி, முற்றத்தில் கிடந்த பஞ்சாரத்தின்மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு தாய்க்கோழியும் ஏழெட்டுக் குஞ்சும். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் டிஷ்ஷின் நடுவில் பின்பக்கம் மாட்டிய நாலு போல்ட்டின் ஓட்டை, அது வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"இது ஒழுகுமேய்யா" என்றார்.

பையில் பாதி எம்சீல் இருந்தது. பிசைந்து நாலையும் அடைத்துக் கொடுத்தேன். முந்நூறு ரூபாய் தந்தார், ஒரு செம்பு மோரும்.